அநியாயம் ஒரு தட்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது கதையாக வரவேண்டியதே இல்லை. மதுரையில் ஓர் இளைஞர் மாத இதழ் நடத்தும் கோகிலாம்பாள் என்னிடம் கேட்டது ஒரு பட்டியல். ‘சுதந்திரம், அநியாயம், உண்மை: பதின்வயதில் படிக்க வேண்டிய புத்தகங்கள்.’ தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். புத்தகத்தின் பெயர், இரண்டு வரி அறிமுகம், அவ்வளவுதான். அரைநாள் வேலை என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அருப்புக்கோட்டையில் என் மாடி அறைக்கு நேர் கீழே விசைத்தறிக் கூடம். தறி ஓட ஆரம்பித்தால் மேஜைமேல் வைத்த பேனா தானாக நகரும். அதை எட்டிப் பிடித்து இப்படித் தொடங்கினேன்:

“சுதந்திரம் என்பது மனிதனின் பிறப்பு

[நிறுத்திவிட்டேன். பதினாலு வயதுப் பிள்ளை இந்த வரியைப் பார்த்தால் பத்திரிகையை மூடிவிட்டு ஓடிவிடும். நானே ஓடியிருப்பேன்.]

“இன்றைய இளைய தலைமுறை கைபேசியில் மூழ்கி

[இதை எழுதும்போது என் இடது கையில் கைபேசி இருந்தது. மானம் போயிற்று.]

“ஓர் ஊரில் ஒரு தாய்மாமன் இருந்தான்.”

இது எங்கிருந்து வந்தது என்று எனக்கே திடுக்கென்றது. பிறகு பிடிபட்டது. போன வாரம் திருச்சுழி பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். “அந்த மாமன்காரன் சீர்த்தட்டுல புஸ்தகத்தயில்ல வச்சுத் தூக்கியாந்தானாம்!” என்றாள் ஒருத்தி. “அய்ய, அதுக்கு அந்தப் பிள்ள என்ன சொல்லுச்சாம்?” என்றாள் மற்றவள். அதற்குள் நான் இறங்க வேண்டிய இடம் வந்து, நடத்துநர் என்னைக் கிட்டத்தட்டத் தள்ளிவிட்டார். அந்தப் பிள்ளை என்ன சொல்லிற்று என்று நான் கேட்கவே இல்லை. கேட்காமல் விட்ட மீதிதான் இது. முழுக்க முழுக்க என் கற்பனை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

2

மாமனுக்குச் செல்லப்பாண்டி என்று பெயர் வைத்தேன். வைத்ததுமே ஆள் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டிவிட்டான்.

செல்லப்பாண்டிக்கு அருப்புக்கோட்டையில் சொந்தமாக ஒரு மினி லோடு வண்டி. தறிக்கூடங்களில் சேலைக்கட்டு ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போவான், வரும்போது நூல் மூட்டையோடு வருவான். அவன் அப்பா அடுத்தவர் காட்டில் களையெடுத்துக் காலத்தை ஓட்டியவர். மகன் சொந்த வண்டியின் நெற்றியில் ‘அனுசியா’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘மாமன் செல்லம்’ என்றும் எழுதி வைத்திருக்கிறான். அனுசியா அவன் அக்கா சுகந்தியின் மகள். திருச்சுழியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள்.

அவள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று அக்கா போனில் சொன்னபோது அவன் காரியாபட்டிக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தான். வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான். பிறகு சிரித்தான். பிறகு எதிரே வந்த முன்பின் தெரியாத லாரிக்காரரை நிறுத்தி, “அண்ணே, நான் தாய்மாமன்ணே!” என்றான். அவரும் பாவம், கீழே இறங்கிக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்துச் சடங்கு வீட்டில் தாய்மாமனுக்குத்தான் முதல் மரியாதை. அவன் சீரோடு வந்து முன்னால் நிற்கிறவரைக்கும் எதுவும் தொடங்காது. அவன் வேண்டாமென்றால் பந்தலைப் பிரித்துவிட வேண்டியதுதான். இதை நினைவில் வையுங்கள். அனுசியாவும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் அவளுக்கு இந்தச் சடங்கு வேண்டாம். கதையில் அவள் அம்மாவைத் தவிர மற்றவர்களுக்கு அது கடைசியில்தான் தெரியப்போகிறது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

“எனக்கு நடந்தத எதுக்கும்மா மைக்கு வச்சு ஊருக்குச் சொல்லணும்? கூடப் படிக்கிற பயலுகல்லாம் சாப்பிட வருவாங்கெ. திங்கக்கெழம நான் எப்புடி வகுப்புக்குப் போறது?”

சுகந்தி வெங்காயம் உரித்தபடி, “ஒங்க மாமன் மொகத்தப் பாத்து நீயே சொல்லிக்க. என்னால ஆகாது” என்றாள்.

அங்கேதான் சிக்கல். அந்த முகத்தைப் பார்த்து யாராலும் எதையும் மறுக்க முடியாது. அன்று சாயங்காலம் அவன் வந்து நின்றபோது சிரிப்பு காதுவரைக்கும் இருந்தது. “என்ன வேணும் கேளு ஆத்தா! நீ வாயத் தெறந்து கேட்டத மாமன் கொண்டுவரலேன்னா என் பேர மாத்திக் கூப்புடு.”

அனுசியா யோசித்தாள். ‘வேண்டாம்’ என்று நேரே சொல்வதைவிட, நடக்கவே நடக்காத ஒன்றைக் கேட்டுவிட்டால்? அவள் பள்ளிக்கூடத்துச் சுவரில் வாசிப்பு வாரத்துக்காக ஒட்டியிருந்த தலைப்பு ஞாபகம் வந்தது.

“புத்தகம் மாமா. பழம், பலகாரம், பட்டு ஒண்ணும் கூடாது. சுதந்திரம், அநியாயம், உண்மை, இந்த மூணப் பத்துன புத்தகம் மட்டுந்தான் தட்டுல வரணும். இல்லேன்னா சடங்கே வேணாம்.”

சொந்தபந்தம் இதை ஒப்புக்கொள்ளாது, மாமனாலும் முடியாது, பேச்சு இழுத்துக்கொண்டே போய் எல்லாம் நின்றுவிடும் என்பது அவள் கணக்கு. நல்ல கணக்குத்தான். மாமனின் பைத்தியக்காரப் பாசத்தை மட்டும் சேர்க்க மறந்துவிட்டாள்.

“அடி என் ராசாத்தி!” என்று செல்லப்பாண்டி துள்ளிக் குதித்தான். “நம்ம வம்சத்துல எவளாச்சும் சீருக்குப் புஸ்தகம் கேட்டிருக்காளா! அக்கா, கேட்டியா அக்கா?”

*(அந்தச் சுவரில் அப்படி ஒரு தலைப்பை ஒட்டியது நான்தான். கோகிலாம்பாள் என் தலையில் கட்டியதை அந்தப் பிள்ளை தலையில் கட்டிவிட்டேன். எழுத்தாளர்கள் இப்படித்தான், நம்பாதீர்கள்.)

3
(அவசரமாக இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்)

ஒரு சந்தேகம். பதினாலு வயதுப் பெண் இவ்வளவு சூழ்ச்சி செய்வாளா? இதை எழுதிவிட்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பிறகு பதினாலு வயதில் நாமெல்லாம் செய்த தகிடுதத்தங்களை எண்ணிப் பார்த்தேன். அனுசியா உத்தமி. அப்படியே இருக்கட்டும்.

அப்போது கோகிலாம்பாளிடமிருந்து போன்.

“பட்டியல் எந்த நிலைமையில இருக்கு சார்?”

“போய்க்கிட்டே இருக்கு மேடம். நடுவுல ஒரு தாய்மாமன் வந்துட்டார்.”

“எந்தப் புத்தகத்துல?”

“அதான் மேடம், இன்னும் எழுதிக்கிட்டிருக்கேன்.”

“பட்டியல் சார். வரிசையா, நம்பர் போட்டு” என்றார். நம்பர் போட்டிருக்கிறேன், பார்த்தீர்கள் அல்லவா?

4

அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் தீபலட்சுமியின் கடை. நோட்டு, பேனா, கைடு, பிறந்தநாள் தொப்பி எல்லாம் இருக்கும். பின்பக்கம் ஓர் அலமாரியில் கதைப்புத்தகங்களும் இருக்கும். அது அவருடைய சொந்த ஆசை. மாமனார் அதைக் காலி பண்ணி வாட்டர் பாட்டில் அடுக்கச் சொல்லி வருடக்கணக்கில் கத்திக்கொண்டிருக்கிறார்.

செல்லப்பாண்டி கடை வாசலில் வண்டியை ஏற்றியே நிறுத்திவிட்டான்.

“தங்கச்சி, சுதந்திரம் ஒரு தட்டு, அநியாயம் ஒரு தட்டு, உண்மை ஒரு தட்டு. நல்லதா எடுத்துக் குடுங்க.”

தீபலட்சுமி கல்லாவில் இருந்து எழுந்தார். “அண்ணே, இது புத்தகக் கட. ஓட்டலு எதுத்தாப்புல இருக்கு.”

விஷயத்தை விளக்கியதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அலமாரியைத் திறந்து, தூசியை முந்தானையால் துடைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ஒரு பெண் முதல்தடவையாகத் தனியாக பஸ் ஏறிச் சித்தி ஊருக்குப் போகும் கதை. புத்தகம் பூராவும் அந்த ஒரே பயணம்தான், ஆனால் எந்த ஊரில் இறங்குவதென்று அவள் முடிவு செய்யும் இடத்தில் வாசிக்கிறவருக்கு நெஞ்சு படபடக்கும். அது சுதந்திரம். பள்ளிக்கூடத்துக் கடிகாரம் காணாமல்போய், எடுக்காத பையன்மேல் பழி விழ, உண்மை தெரிந்த வகுப்பே வாயை மூடிக்கொண்டிருக்கும் கதை அநியாயத்துக்கு. குடிதண்ணீர்த் தொட்டியைக் கழுவியாகிவிட்டது என்று பலகை மாட்டியிருக்க, ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்துவிட்ட ஒரு பிள்ளையின் கதை உண்மைக்கு.

*(பெயர்களைச் சொல்ல மாட்டேன். சொன்னால் படம் பிடித்து வைத்துக்கொண்டு, படித்துவிட்டதாகவே நினைத்துக்கொள்வீர்கள். என்னைக் கேட்டால் இந்த வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும் புத்தகத்துக்கு ஒரே பரீட்சைதான்: படித்து முடித்ததும் பிள்ளை பெரியவர்களிடம் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். கேட்ட பிறகு நாம் திருதிருவென்று விழிக்க வேண்டும். விழிக்க வைக்காத புத்தகத்தை நாமே வைத்துக்கொள்ளலாம்.)

“பிரமாதம். இதுல ஒவ்வொண்ணுலயும் ஏழு குடுங்க” என்றான் செல்லப்பாண்டி.

“ஒரே புத்தகம் எதுக்குண்ணே ஏழு? ஒண்ணு போதும். ஏழு தினுசா வேற வேற எடுத்துத் தாரேன்.”

செல்லப்பாண்டி அவரைப் பாவமாகப் பார்த்தான். “ஏந்தங்கச்சி, ஆப்பிள் தட்டுல ஒரே ஒரு ஆப்பிளயா வச்சுத் தூக்கிட்டுப் போவாக? ஊரு சிரிக்காது? ஒரு தட்டுக்கு ஒரு சாமான், ஒத்தப்பட எண்ணிக்கை. சீருன்னா அதான் சீரு.”

தீபலட்சுமியின் இருபது வருட வியாபாரத்தில் வராத கேள்வி. மதுரைக்குப் போன் போட்டார். செல்லப்பாண்டியே வண்டியெடுத்துப் போய் மீதிக் கட்டுகளை ஏற்றி வந்தான்.

[வரும் வழியில் அவன் வண்டியை ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தி, கட்டைப் பிரித்து ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்தான். படிக்கப் படிக்க அவன் கண்கள்

இல்லை, படிக்கவில்லை. எழுதிப் பார்த்தேன், பொய் நாறியது. வெயில் பட்டால் அட்டை வெளுத்துவிடும் என்று தார்ப்பாயை இரண்டாக மடித்துப் போர்த்தி, கட்டு சரியாக இருக்கிறதா என்று நாலு தடவை இறங்கிப் பார்த்தான். அவ்வளவுதான். உண்மைக்கே தார்ப்பாய் போட்ட மனுஷன்!]

5

புத்தகம் வந்துவிட்டது என்று கேட்டதும் அனுசியாவின் கணக்கில் பாதி பொய்த்தது. ஆனாலும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. அத்தை இருக்கிறாளே.

அத்தை அழகுத்தாய், அனுசியாவின் அப்பாவுக்கு அக்கா. நல்லநாள் பெரியநாளில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே நரிக்குடியிலிருந்து வருகிறவள். அனுசியா எதிர்பார்த்தபடியே அத்தை குதித்தாள்.

“மங்கள காரியத்துல அநியாயத்தத் தட்டுல வச்சு ஏந்திட்டு வருவாகளா? வெளங்குமா அந்த வீடு? சுதந்திரம் வரட்டும், உண்ம வரட்டும். அநியாயம் இந்த வாசலத் தாண்டக்கூடாது.”

“அத்த சொல்றது சரிதான மாமா. பேசாம விட்டுருவமே” என்றாள் அனுசியா, முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு.

செல்லப்பாண்டி விடுவானா? “மதினி, பிள்ள கேட்டது மூணு. ரெண்ட மட்டும் கொண்டாந்தா அதுதான அநியாயம்?” என்றான். பேச்சு ஒரு பகல் முழுக்க ஓடியது. கடைசியில் ஒப்பந்தம்: அநியாயப் புத்தகங்களின் அட்டைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, தலைப்பின்மேல் ஒரு வெற்றிலையைப் போட்டு மறைத்துக் கொண்டுவரலாம். அழகுத்தாய்க்குத் திருப்தி. அனுசியா அறைக்குள் போய்த் தலையணையைக் குத்தினாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ் நிறுத்தத்தில் அதைப் பார்த்தாள். ஃப்ளெக்ஸ். இரண்டு ஆள் உயரம். அனுசியாவின் முகத்தை வெட்டி ஒரு மகாராணி உடம்பில் ஒட்டி, புத்தகக் கோபுரத்தின் உச்சியில் உட்காரவைத்திருந்தார்கள். தலைக்குமேல் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஒரு புறா பறந்தது. கீழே, ‘பூப்புனித நீராட்டு விழா. சுதந்திரச் சீருடன் வருகிறார் தாய்மாமன்’ என்று எழுதி, கூலிங்கிளாஸ் போட்ட செல்லப்பாண்டி கும்பிட்டுக்கொண்டு நின்றான். வகுப்புப் பையன்கள் அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அவளைப் பார்த்துவிட்டு, “ஏலே, ராணியம்மா வருதுடா!” என்றான்.

எனக்கு இந்த ஃப்ளெக்ஸை எழுதும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கு அப்படி இல்லை. உடம்பெல்லாம் எரிந்தது. புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீடுவரைக்கும் நடந்தாள். இந்த ஒரு பத்திக்கு மட்டும் நானும் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறேன்.

6

விழா நாள். வீட்டுக்கு முன்னால் பந்தல், குழாய் ஸ்பீக்கர், சிவப்பு வெல்வெட் நாற்காலி. நாற்காலியில் அனுசியா, தலைநிறையப் பூவும் கழுத்துநிறைய இரவல் நகையுமாக. இனி எப்படி முடிப்பது? மூன்று வழி வைத்திருக்கிறேன்.

முதல் வழி. அனுசியா மைக்கைப் பிடுங்கி வீரமாகப் பேசுகிறாள். கூட்டம் கண்ணீர்விட்டுக் கைதட்டுகிறது. அழகுத்தாய் முதல் ஆளாகத் திருந்துகிறாள்.

[அழகுத்தாயாவது, திருந்துவதாவது! எழுதிய தாளை அவளே வந்து கிழித்துவிடுவாள்.]

இரண்டாம் வழி. திடீரென்று வானம் இருண்டு, பேய்மழை கொட்டி, பந்தல் சரிந்து எல்லாம் நின்றுபோகிறது.

[திருச்சுழியில். பங்குனியில். கண்மாயே காய்ந்து ஆடு மேய்ந்துகொண்டிருக்கும்போது. எங்கள் ஊர்ப்பக்கம் மழை கதைக்குள்கூட அப்படிச் சுலபமாக வந்துவிடாது.]

மூன்றாம் வழிதான் மிச்சம். என்ன நடக்குமோ அதை நடக்கவிடுவது.

கொட்டுச் சத்தம் தெருமுனையில் கேட்டது. வேட்டு வெடித்தது. வண்டி நெற்றியில் மாவிலைத் தோரணம், அதற்கு முன்னால் தட்டேந்திய பெண்கள், அவர்களுக்கும் முன்னால் ஆடிக்கொண்டே செல்லப்பாண்டி. மைக்செட்காரருக்கு வழக்கமான அறிவிப்பு வாய்ப்பாடம். ஆனால் இன்றைக்குச் சரக்கு புதிது.

“இதோ வருகிறது, வருகிறது, தாய்மாமன் சீர் வருகிறது! சுதந்திரம் ஏழு! உண்மை ஏழு! வெற்றிலைக்கு அடியில்... அண்ணே, அது என்னண்ணே? ஆங், அநியாயம் ஏழு! அனைத்தும் அன்பு மருமகளுக்கே!”

பந்தல் அதிர்ந்தது. சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சாம்பார் கையோடு எழுந்துவந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர், “அநியாயம் கொறச்சலா இருக்கே, நாட்டுல இம்புட்டுக் கெடக்கு” என்று குறைபட்டுக்கொண்டார். தட்டுகளை இறக்கிவைத்த மறுநிமிடம் அனுசியாவின் தோழிகள் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே புத்தகம் ஏழு இருந்ததால் ஒருத்தி படித்த பக்கத்தையே அடுத்தவளும் படித்து, இரண்டு பேரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள். “பிள்ளைகளா, தட்டக் கலைக்காதிக! போட்டோ எடுக்கணும்!” என்று அழகுத்தாய் கத்தினாள். யாரும் நிமிரவில்லை.

அனுசியாவுக்கே ஒரு நொடி சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியிலிருந்து இறங்கி அவர்களோடு போய் உட்கார வேண்டும்போல இருந்தது. ஆனால் கேமரா திரும்பி அவள் முகத்துக்கு நேரே வந்தது. வகுப்புப் பையன்கள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

7

செல்லப்பாண்டி மாலையோடு வந்தான். ரோஜாவும் மரிக்கொழுந்தும் வைத்துக் கட்டிய மாலை. அதை அவன் அவள் கழுத்தில் போட்டால்தான் சடங்கு ஆரம்பம். அவன் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, கன்னத்தில் யாரோ பூசிய சந்தனம் வழிந்திருந்தது. மாலையை விரித்துப் பிடித்துக்கொண்டு அவள் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தான்.

“கேட்டதெல்லாம் மாமன் கொண்டாந்துட்டேன்ல? சந்தோசமா ஆத்தா?”

இந்த உலகத்தில் அந்த மனுஷனைவிட அவளுக்குப் பிடித்தவர் யாரும் இல்லை. அதனால்தான் இத்தனை நாள் சொல்ல முடியவில்லை. 

“புத்தகமெல்லாம் புடிச்சிருக்கு மாமா. ஒங்களயும் ரொம்பப் புடிக்கும்” என்றாள். பிறகு, “இது வேணாம் மாமா.”

“எது ஆத்தா?”

“இந்தச் சேரு, இந்தக் கூட்டம், மைக்கு, பஸ் ஸ்டாப்புல என் மூஞ்சி. எனக்கு நடந்தத ஊருக்குச் சொல்றது. எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே புடிக்கல மாமா. ஒங்களால முடியாது, எல்லாம் நின்னுரும்னுதான் நான் புத்தகமே கேட்டேன்.”

சன்னமாகத்தான் சொன்னாள். கொட்டுக்காரர்கள் தாளம் மாற்ற நிறுத்திய நேரம். பக்கத்தில் நின்ற சுகந்திக்குக் கேட்டுவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

செல்லப்பாண்டியின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. இத்தனை நாளும் தட்டில் என்ன வேண்டும் என்று அவளிடம் நூறு தடவை கேட்டிருந்தான். தட்டே வேண்டுமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அது அவனுக்கு அந்த இடத்தில், அத்தனை பேருக்கு நடுவில் உறைத்தது.

“போடுப்பா, நல்ல நேரம் போகுதுல்ல?” என்றாள் அழகுத்தாய்.

“அண்ணே, மாலைய இன்னுங் கொஞ்சம் தூக்கிப் புடிங்க. அப்புடியே, அப்புடியே... போடுங்க!” என்றார் போட்டோக்காரர்.

செல்லப்பாண்டி மாலையை மெதுவாக

[அடித்துவிட்டேன்.]

செல்லப்பாண்டி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, “எல்லாரும்

[இதையும்.]

போட்டுவிட்டான் என்று எழுதினேன், சோறு இறங்கவில்லை. போடாமல் திரும்பிவிட்டான் என்று எழுதினேன், இவ்வளவு சுலபமாக ஒரு மனிதன் ஊரை எதிர்த்துவிடுவானா என்று என் மனசே என்னைக் கேலி செய்தது. அனுசியா சொல்ல வேண்டியதை அவள் வாயாலேயே சொல்லவைத்துவிட்டேன். என்னால் ஆனது அவ்வளவுதான். அதற்குமேல் அந்த மாலையை என்ன செய்வதென்பது பிள்ளைகளின் வேலை இல்லை, எழுதுகிறவன் வேலையும் இல்லை.

அதனால் செல்லப்பாண்டியைக் கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டேன். பாவம், தண்ணீர் குடிக்கட்டும். நீங்கள் வாருங்கள், இங்கே, அவன் நின்ற இடத்தில் நில்லுங்கள். மாலையை வாங்கிக்கொள்ளுங்கள். ஒற்றைக் கையால் முடியாது, கனம் அதிகம். போட்டோக்காரர் சத்தம் போடத்தான் செய்வார், அழகுத்தாயும் விடமாட்டாள், கொட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டது.

அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.